பார்க்கிங் பயத்துக்கு நான் கொடுத்த விலை: 360 கேமராவுக்கு முன்னாடி ஒரு 1,400 ரூபாய் செலவு பண்ணுங்க

சேனல்ல எப்பவும் எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், ஹோம் லோன்னு பேசுற ஆள், இன்னைக்கு கார் பார்க்கிங் பத்தி எழுத உட்கார்ந்திருக்கேன். வழி மாறி வந்துட்டோமோன்னு நினைக்காதீங்க. இதுவும் காசு விஷயம்தான். அதுவும் என் காசு.

போன வருஷம் மூணு மாசம் நான் ஒரு வேலை பண்ணேன். மாசம் 12,455 ரூபாய் கார் இஎம்ஐ கட்டினேன். அந்தக் காரை கவர் போட்டு மூடி வைச்சுட்டு ஆட்டோல போனேன், வந்தேன். வண்டியில ஒரு கோளாறும் இல்ல. எனக்கு ஓட்டத் தெரியாமலும் இல்ல, திருச்சி வரைக்கும் தனியா ஓட்டிட்டுப் போய் வந்தவன்தான். ராத்திரி திரும்பி வந்து அந்த வண்டியை என் ஸ்லாட்ல நிறுத்தணுமே, அந்த பயம்.

ஆபீஸ்ல கேட்டவங்ககிட்ட, "டிராஃபிக்ல யாரு ஓட்டுறது, ஆட்டோல போனா மெயில் பார்த்துட்டே போலாம்"னு சொல்லி சமாளிச்சேன். அம்மாகிட்ட அது எடுபடல. முட்டி வலிக்கு டாக்டரைப் பார்க்கப் போகணும்னு ஒரு நாள் கிளம்பினாங்க. கேட் பக்கத்துல நின்னு நான் ஆட்டோ புக் பண்றதைப் பார்த்துட்டு, பின்னாடி கவர் போட்டு நிக்கிற வண்டியையும் பார்த்துட்டு, "அப்புறம் எதுக்குடா வாங்கின?"ன்னு கேட்டாங்க. பதில் இல்ல. ஆட்டோ வந்துடுச்சு, ஏறிட்டோம்.

எப்படி இந்த நிலைமைக்கு வந்தேன்னு சொல்றேன். முதல் ரெண்டு வருஷம் தாம்பரம் பக்கம் வாடகை வீடு. பக்கத்துல காலி மனை, அதுல எப்படி வேணா நிறுத்தலாம். அப்புறம் ஆபீஸ் கிட்டன்னு பள்ளிக்கரணையில ஒரு அபார்ட்மென்ட்டுக்கு மாறினோம். வீடு பார்க்கப் போனப்போ தண்ணி வருதா, லிஃப்ட் இருக்கா, ஜன்னல் கிழக்கா மேற்கா, எல்லாம் பார்த்தேன். "கார் பார்க்கிங் இருக்கு சார்"னு புரோக்கர் சொன்னதும் தலையாட்டிட்டு அட்வான்ஸ் கொடுத்துட்டேன். கீழே போய் அந்த இடத்தைப் பார்க்கவே இல்ல.

அது ரெண்டு தூணுக்கு நடுவுல ஒரு ஸ்லாட். அதுக்கு முன்னாடி டிரைவ்வே ஏறக்குறைய நாலரை மீட்டர், அதுலயும் எதிர்ச் சுவர் ஓரமா வரிசையா பைக். ஸ்லாட்டுக்குப் பின்னாடி சுவர்ல கிரவுண்ட் ஃப்ளோர் வீட்டு சமையல்கட்டு ஜன்னல். ரிவர்ஸ்ல விட்டா சைலன்சர் புகை நேரா அவங்க குழம்புக்குத்தான் போகும். அதனால அசோசியேஷன்ல போர்டே வைச்சுட்டாங்க: வண்டியை மூக்கை விட்டுத்தான் நிறுத்தணும். நியாயமான ரூல்தான், அதுல எனக்கு சண்டை இல்ல.

ஆனா மூக்கை விட்டு நிறுத்துறதுதான் குறுகலான இடத்துல கஷ்டம். டிரைவிங் ஸ்கூல்ல இது யாரும் சொல்லித் தர்றதில்ல. அங்க நமக்கு 'எச்' போடக் கத்துக்கொடுத்து லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துட்டு அனுப்பிடுறாங்க. கார்ல திரும்புறது முன் சக்கரம் மட்டும்தான். ரிவர்ஸ்ல போகும்போது வால் முதல்ல உள்ளே போயிடும், மூக்கை வெளிய இருந்து எப்படி வேணா ஆட்டிக்கலாம். முன்னாடி போகும்போது அப்படி இல்ல. மூக்கு உள்ளே போயிடுச்சுன்னா அதை ஆட்ட இடமில்ல. திரும்பாத பின் சக்கரம் வளைவுக்கு உள்பக்கமா குறுக்கே வெட்டிக்கிட்டு வரும்.

வந்த முதல் வாரத்துலயே அதுதான் நடந்தது. எதிர்த் தூண்ல மூக்கு இடிச்சிடுமோன்னு பயந்து சீக்கிரமே இடது பக்கம் ஒடிச்சுட்டேன். மூக்கு அழகா உள்ளே போச்சு. "பரவாயில்லையே"ன்னு நினைச்ச நேரத்துல பின்னாடி ஒரு சத்தம். இடது பின் கதவும் அதுக்குப் பின்னாடி இருக்கிற பேனலும் தூண்ல உரசிக்கிட்டே வந்திருக்கு.

சரி, இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம்.

டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் சேர்த்து பில் 8,400 ரூபாய். "இன்சூரன்ஸ் எதுக்கு இருக்கு"ன்னு நான் யோசிக்காம கிளெய்ம் போட்டேன். பெர்சனல் ஃபைனான்ஸ் சேனல் நடத்துற ஆளு! கட்டாயமா நம்ம கையிலிருந்து போற 1,000 ரூபாய் (1500 சிசி வரைக்கும் உள்ள கார்னா இது 1,000, அதுக்கு மேலன்னா 2,000), பெயின்ட் தேய்மானம்னு கொஞ்சம், எல்லாம் கழிச்சு கம்பெனி கொடுத்தது 6,300 சொச்சம். லாபம்னுதான் அன்னைக்கு நினைச்சேன்.

அப்புறம் ரின்யூவல் வந்துச்சு. என்சிபி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், பூஜ்யம்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாதவங்களுக்கு: கிளெய்ம் போடாம ஒரு வருஷம் போனா அடுத்த ரின்யூவல்ல 20% தள்ளுபடி, தொடர்ந்து ரெண்டு வருஷம்னா 25%, மூணுக்கு 35%, நாலுக்கு 45%, அஞ்சுக்கு 50%. அதுக்கு மேல ஏறாது. இது ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும்தான், தேர்ட் பார்ட்டி பிரீமியத்துல ஒரு பைசா குறையாது. நடுவுல ஒரு கிளெய்ம் போட்டா, அது எவ்வளவு சின்னதா இருந்தாலும், மறுபடி பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கணும்.

எனக்கு அது மூணாவது வருஷம். கிளெய்ம் போடலைன்னா அடுத்து 35% வந்திருக்கும். கணக்கு சுலபமா இருக்க ஓன் டேமேஜ் பிரீமியம் வருஷத்துக்கு 10,000னு வைச்சுக்கோங்க. கிளெய்ம் போடாம இருந்திருந்தா வரிசையா 35, 45, 50, 50, 50 கிடைச்சிருக்கும். கிளெய்ம் போட்டதால 0, 20, 25, 35, 45. வருஷா வருஷம் வித்தியாசத்தைக் கூட்டுங்க: 3,500, 2,500, 2,500, 1,500, 500. மொத்தம் 10,500 ரூபாய். அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி தனி. வண்டி பழசாக ஆக ஐடிவி குறையும், பிரீமியமும் கொஞ்சம் குறையும், அதனால நிஜத்துல இதைவிடக் கம்மியாத்தான் வரும். ஆனாலும் 6,300 வாங்கிட்டு அதைவிட அதிகமா அஞ்சு வருஷத் தவணையில திருப்பிக் கட்டுறேன்.

"என்கிட்ட ஜீரோ டெப் இருக்கே"ன்னு நிறைய பேர் தெம்பா இருக்கீங்க. ஜீரோ டெப் தேய்மானத்தை மட்டும்தான் பார்த்துக்கும். என்சிபியைக் காப்பாத்தாது. அதுக்கு என்சிபி புரொடெக்‌ஷன்னு தனி ஆட்-ஆன் இருக்கு, அதுலயும் எத்தனை கிளெய்ம் வரைக்கும்னு கண்டிஷன் போட்டிருப்பாங்க, பாலிசியைப் படிங்க. பக்கத்து வீட்டுக்காரர் காரை உரசினா என்ன? காகிதத்துல அது தேர்ட் பார்ட்டி கிளெய்ம், ட்ரிப்யூனலுக்குப் போகணும். 4,000 ரூபாய் கோட்டுக்கு எந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ட்ரிப்யூனல் போவாரு? வாட்ச்மேன் முன்னாடி நின்னு ஜிபே பண்ணிட்டு வரவேண்டியதுதான்.

அந்தக் கோட்டுக்கு அப்புறம்தான் கவர் போட்டேன். மூணு மாசம் இஎம்ஐ 37,365 ரூபாய், நின்ன வண்டிக்கு. ஆட்டோவுக்கு மாசம் நாலாயிரத்துக்குக் குறையாம. இதெல்லாம் என் எக்ஸெல் ஷீட்ல 'டிரான்ஸ்போர்ட்'னு அழகா ஒரு வரியில ஒளிஞ்சிருந்தது. பயத்துக்குன்னு யாரு தனி காலம் போடுறா?

அடுத்து நான் பண்ணப் பார்த்தது இன்னும் பெரிய தப்பு. இந்த வண்டியைக் கொடுத்துட்டு 360 டிகிரி கேமரா இருக்கிற டாப் வேரியன்ட் வாங்கிடலாம்னு ஷோரூமுக்குப் போனேன். உங்கள்ல பல பேர் முதல் கார் எடுக்கும்போதே இதே காரணத்துக்காக டாப் வேரியன்ட்டுக்குத் தாவுறீங்க, அதனால இந்தக் கணக்கையும் பார்த்துடுங்க. நடு வேரியன்ட்டுக்கும் டாப்புக்கும் ஒரு லட்சம் வித்தியாசம்னா, 9% வட்டி, அஞ்சு வருஷத்துக்கு மாசம் 2,076 ரூபாய். மொத்தம் 1,24,550. ரோடு டாக்ஸும் இன்சூரன்ஸும் வண்டி விலையை வைச்சுத்தான், அதுவும் கூடும்.

கேமரா கெட்டதுன்னு சொல்லல. ஆனா கேமரா 'இடிக்கப் போற'ன்னு காட்டும், ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்கணும்னு சொல்லாது. ஸ்க்ரீனைப் பார்த்துக்கிட்டே தூண்ல விட்டவங்களை எங்க அபார்ட்மென்ட்லயே பார்த்திருக்கேன். இன்னொண்ணு: 2019 ஜூலையில இருந்து புதுசா வர்ற கார் எல்லாத்துலயும் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். அது பின்னாடி மட்டும். முன்னாடி சென்சார் கட்டாயம் இல்ல, பெரும்பாலான நடு வேரியன்ட்ல இருக்காது. அதாவது மூக்கை விட்டு நிறுத்துறப்போ 'பீப் பீப்'னு கத்தி உங்களைக் காப்பாத்த ஒண்ணும் இல்ல. உங்க கண்ணும் கையும்தான்.

ஷோரூம்ல இருந்து திரும்பி வந்த அன்னைக்கு எங்க வாட்ச்மேன் அண்ணன்தான் சொன்னாரு, "ஒரு ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டு இங்கேயே கத்துக்கோங்க சார், எதுக்கு வண்டியை மாத்துறீங்க?" வெட்கமாத்தான் இருந்தது. லைசென்ஸ் வாங்கி ஆறு வருஷம் ஆகுது. ஆனாலும் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஒரு அண்ணனை வரச் சொன்னேன். நாலு மணி நேரத்துக்கு 700 ரூபாய். ஐம்பது வயசு இருக்கும், கால் டாக்ஸி ஓட்டினவரு. ஓட்டிக் காட்டுவாருன்னு நினைச்சேன். அவரு பக்கத்து சீட்ல உட்கார்ந்துட்டு சாவியை என்கிட்ட நீட்டிட்டாரு.

அன்னைக்கு அவரு சொன்னதுல மூணு விஷயம் என் தலையில அப்படியே இருக்கு.

"தம்பி, மூக்கைப் பார்க்காதீங்க, கண்ணாடியைப் பாருங்க." ஸ்லாட் இடது பக்கம்னா, வண்டியை எவ்வளவு முடியுமோ அவ்வளவு வலது ஓரமா ஒதுக்கணும், பைக்கை ஒட்டி. நம்ம கை இயல்பா ஸ்லாட் பக்கமே இழுக்கும், அதைத்தான் முதல்ல அடக்கணும். மெதுவா முன்னாடி வந்து, இடது சைடு மிரர் முதல் தூணுக்கு நேரா வர்ற வரைக்கும் ஒடிக்கக் கூடாது. நேரா வந்ததும் ஃபுல்லா இடது. அங்கிருந்து கண்ணு இடது மிரர்ல. பின் சக்கரத்துக்கும் தூணுக்கும் நடுவுல ஒரு கையளவு இடைவெளி தெரிஞ்சா வரலாம், குறைஞ்சா நிறுத்து. டிரைவர் வலது பக்கம் உட்கார்றதால இடது பின் மூலைதான் நமக்கு சுத்தமா தெரியாத இடம். மிரரைக் கொஞ்சம் கீழே இறக்கி வைச்சா சக்கரம் தெரியும். ஆறு வருஷமா அந்த பட்டனை நான் தொட்டதே இல்ல.

அடுத்தது, "ஒரே கட்ல போகணும்னு யாரு சொன்னா?" இதுதான் எனக்கு விடுதலை. டிரைவ்வே ஆறேழு மீட்டர் இருக்கிற மால்ல ஒரே வளைவுல போயிடலாம். நாலரை மீட்டர்ல போகவே போகாது, அது நம்ம திறமைக் குறைவு இல்ல, கணக்கு. ஃபுல் இடது ஒடிச்சுப் போனா ஒரு கட்டத்துல வலது முன் மூலை எதிர்த் தூணுக்குக் கிட்ட வந்துடும். அங்க நிறுத்து. ஸ்டியரிங்கை ஃபுல் வலது பக்கம் ஒடிச்சு, பின்னாடி பைக் வரைக்கும் ரிவர்ஸ். இப்படி வந்தா மூக்கு இன்னும் கொஞ்சம் ஸ்லாட் பக்கம் திரும்பும். அப்புறம் மறுபடி முன்னாடி. இன்னும் நேராகலையா, இன்னொரு தடவை. எனக்கு இன்னைக்கும் மூணு கட் ஆகுது. பின்னாடி ஒரு பைக்காரர் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும். அந்த ஹாரனுக்குப் பயந்துதான் முதல் வாரம் 8,400 ரூபாய்க்கு உரசினேன். கண்ணாடியை இறக்கி "ஒரு நிமிஷம் பிரதர்"னு சொன்னா எல்லாரும் நிக்கத்தான் செய்றாங்க.

மூணாவது, கால். கிளட்ச்சைப் பாதி பிடிச்சு, ஆக்ஸிலேட்டரே தொடாம, நடக்கிற வேகத்தைவிட மெதுவா. ஆட்டோமேட்டிக்னா பிரேக் மேலயே கால், பிரேக்கை விட்டு விட்டுப் பிடிச்சே வண்டியை நகர்த்தணும். ஆக்ஸிலேட்டர் பக்கம் கால் போச்சுன்னா முன்னாடி சுவர்தான். அந்த அண்ணன் என்னை ஒரே ஸ்லாட்ல பதினெட்டு தடவை உள்ளே விட்டு வெளிய எடுக்க வைச்சாரு. பத்தாவது தடவைக்கு அப்புறம் கை தானா போச்சு. ரெண்டாவது ஞாயிறு, இன்னொரு 700 ரூபாய், அவரு வண்டிக்குள்ள ஏறவே இல்ல, வெளிய நின்னு டீ குடிச்சாரு.

ஆக 1,400 ரூபாய். கூடவே பழைய யோகா மேட் ஒண்ணை வெட்டி ரெண்டு தூண்லயும் சுத்திக் கட்டினேன். சுவர்ல மூக்கு இடிக்காம இருக்க, சக்கரம் நிக்க வேண்டிய இடத்துல ரப்பர் ஸ்டாப்பர். செங்கல் வைச்சாலும் போதும், நான் கொஞ்சம் ஆடம்பரம் பண்ணிட்டேன்.

ஒண்ணு மட்டும் நேர்மையா சொல்லணும். ரூல் எதுவும் இல்லாத இடத்துல நான் ரிவர்ஸ்லதான் நிறுத்துவேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க. மூக்கை விட்டு நிறுத்தினா காலையில அவசரத்துல ரிவர்ஸ்ல வெளிய வரணும், அந்த நேரத்துல ஸ்கூல் போற பிள்ளைங்க டிரைவ்வேல ஓடும். சென்சாரை நம்பாம, ஏறுறதுக்கு முன்னாடி வண்டியை ஒரு சுத்து சுத்திட்டுத்தான் எடுக்கிறேன்.

இன்னும் கார் வாங்காதவங்க, அல்லது வீடு மாறப் போறவங்க: டேப் எடுத்துட்டு ஸ்லாட்டை அளங்க. பொதுவா ஒரு ஸ்லாட் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம்னு பிளான்ல இருக்கும். தூண் அதுக்குள்ள எவ்வளவு தின்னுதுன்னு நேர்ல போய்ப் பார்த்தாத்தான் தெரியும். வேகன்ஆர் 1,620 மில்லிமீட்டர் அகலம், ஸ்விஃப்ட் 1,735, பிரெஸ்ஸா 1,790. இதுல சைடு மிரர் சேராது. 2.5 மீட்டர்ல ஸ்விஃப்ட்டை நட்ட நடுவுல நிறுத்தினா பக்கத்துக்கு 38 சென்டிமீட்டர்தான் மிச்சம், அந்த இடுக்குலதான் கதவைத் திறந்து முட்டி வலி இருக்கிற அம்மா இறங்கணும். நான் இப்ப அம்மாவை வெளியவே இறக்கிவிட்டுட்டு அப்புறம்தான் உள்ளே விடுறேன். புரோஷர்ல டர்னிங் ரேடியஸ்னு ஒரு வரி இருக்கும், மைலேஜைப் பார்க்கிற அளவுக்கு அதையும் பாருங்க. வேகன்ஆர் 4.7 மீட்டர், ஸ்விஃப்ட் 4.8. அஞ்சு மீட்டரைத் தாண்டுற எஸ்யூவியை என் டிரைவ்வேல விடணும்னா எத்தனை கட்னு நான் யோசிக்கவே விரும்பல. "நாளைக்குக் குடும்பம் பெருசாகும்"னு சொல்லி பெரிய வண்டி விக்கிறவங்களுக்கு உங்க தூணைப் பத்தி என்ன தெரியும்?

ஏற்கனவே வண்டி வைச்சுக்கிட்டு என்னை மாதிரி கவர் போட்டு வைச்சிருக்கிறவங்க, வர்ற ஞாயிறு காலையில ஏழு மணிக்கு ஆரம்பிங்க. காலி மைதானத்துல வேணாம், உங்க ஸ்லாட்லயே. வாட்ச்மேன் அண்ணன் எதிர்ல இருக்கிற பைக்கை எல்லாம் நகர்த்தித் தரேன்னு சொல்லுவாரு. வேணாம்னு சொல்லிடுங்க. தினமும் அந்த பைக்கோடதானே நிறுத்தப் போறீங்க.